அழிந்த கோப்பும் மறைத்த தவறும்

 

2023ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள். மஃரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். எங்கள் தெருவில் தையற்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் தம் மகளுடன் என் வீட்டு வாசலில் காத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பெண் சிறுமியாய் இருந்தபோது என்னிடம் அலிஃப், பா ஓதியவள். பிறகு கல்லூரியில் பட்டம் பெற்று, கள்ளக்குறிச்சியில் உள்ள ஒரு தொண்டு நிறுவனத்தில் அலுவலக உதவியாளராகப் பணிபுரிந்து வந்தாள். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதற்கு வேண்டிய சான்றுகளைத் திரட்டி, விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பது அந்நிறுவனத்தின் பணிகளுள் ஒன்று.

வந்தவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஹஜ்ரத், மலைப் பிள்ளைகளின் காகிதங்கள் எல்லாவற்றையும் நான் அழித்துவிட்டேன்" என்று கூறி அழத் தொடங்கினாள்.

நடந்தது இதுதான். நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஜாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை ஆகியவற்றை ஸ்கேன் எடுத்து, அலுவலகத்தார் அனைவரும் திறந்து பார்க்கக்கூடிய பொதுவான கூகுள் டிரைவ் ஒன்றில் வைத்திருந்தார்கள். ஏப்ரல் 13ஆம் நாள் அவளது மடிக்கணினியில் இடமில்லை என்ற அறிவிப்பு வந்தது. ரமளான் மாதம். நோன்பு திறக்கும் நேரத்திற்குள் வீடு சேர வேண்டும் என்ற அவசரம். தன் கணினியிலிருந்து மட்டும் நீக்குவதாக எண்ணி, அந்தக் கோப்புறையை அழித்துவிட்டாள். கணினியின் குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டாள். மறுநாள் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை. விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் பொது டிரைவிலும் அந்தக் கோப்புறை இல்லை. தன் கணக்கிலுள்ள குப்பைத் தொட்டியில் தேடினாள். அங்கும் இல்லை. அன்று மூடிய வாயை அவள் திறக்கவே இல்லை. கோடை விடுமுறைக் காலம் என்பதால் வேறு எவரும் அந்தக் கோப்புறையைத் திறக்கவும் இல்லை. முப்பத்து நான்கு நாட்கள் கடந்துவிட்டன. இப்போது செயலாளர், "சேர்க்கைப் பணிகளைத் தொடங்க வேண்டும், அடுத்த வாரம் அந்தக் கோப்புகளை எடுத்து வை" என்று கூறிவிட்டார்.

"ஹஜ்ரத், கம்ப்யூட்டரே கெட்டுவிட்டது என்று சொல்லிவிட்டால் என்ன? உண்மையைச் சொன்னால் வேலை போய்விடுமே" என்றார் தந்தை. ஒரு தையற்காரரின் குடும்பத்திற்கு மகளின் மாதச் சம்பளம் எவ்வளவு பெரியது என்பதை நான் அறிவேன். ஆகவே அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

வாசகர்களே! நான் கலைப் பட்டதாரி. கணினியில் எங்கள் மதரஸாவின் வரவு செலவுக் கணக்கை எழுதுவதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே சென்னையில் கணினித் துறையில் பணிபுரியும் என் தங்கை மகனைத் தொலைபேசியில் அழைத்தேன். அவன் ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. மூன்று கேள்விகளைக் கேட்டான். "மாமா, அந்தக் கோப்பு யாருடைய உடைமை? அழித்து எத்தனை நாள் ஆகிறது? அந்த நிறுவனத்தின் கணக்குக்கு நிர்வாகி யார்?"

அந்த மூன்று கேள்விகளுக்குள்ளே இந்தப் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. அவன் விளக்கியதை நான் விளங்கிக்கொண்ட அளவில் உங்களுக்குக் கூறுகிறேன்.

முதலாவது, உடைமை. கூகுள் டிரைவில் ஒருவர் தம் சொந்தக் கணக்கில் வைத்துக்கொண்டு பிறருக்குப் பகிரும் கோப்பு வேறு. நிறுவனத்தின் பெயரிலேயே உள்ள பொது டிரைவில் இருக்கும் கோப்பு வேறு. முதல் வகையில், பிறருடைய கோப்பை நாம் நீக்கினால் நம் பார்வையிலிருந்து மட்டுமே அது மறையும். உரியவரிடம் அது பத்திரமாக இருக்கும். உரியவரே அழித்தால்தான் எல்லோருக்கும் இல்லாமல் போகும். இரண்டாம் வகையில், அழிக்கும் அதிகாரம் பெற்ற எவர் அழித்தாலும் அனைவருக்கும் சேர்ந்தே மறைந்துவிடும். அவ்வாறு அழிந்தது அழித்தவரின் சொந்தக் குப்பைத் தொட்டிக்குச் செல்வதில்லை. ஒவ்வொரு பொது டிரைவுக்கும் தனித்தனியே ஒரு குப்பைத் தொட்டி உண்டு. அந்தப் பெண் தேடிய இடம் தவறானது. முதல் முப்பது நாட்களுக்குள் சரியான தொட்டியைத் திறந்திருந்தால் அவளே ஒரு பொத்தானை அழுத்தி மீட்டிருக்கலாம்!

இரண்டாவது, நாள் கணக்கு. கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் ஒரு கோப்பு 30 நாட்கள் இருக்கும். அதன்பின் தானாகவே நீங்கிவிடும். ஆயினும் அலுவலகக் கணக்காக இருந்தால், நீங்கிய நாளிலிருந்து மேலும் 25 நாட்கள் வரை அக்கணக்கின் நிர்வாகி அதை மீட்டெடுக்க வழியுண்டு. மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயிண்ட் என்னும் தளத்தைப் பல அலுவலகங்கள் பயன்படுத்துகின்றன. அதில் அழித்த கோப்பு 93 நாட்கள் காத்திருக்கும். முதல் தொட்டியிலிருந்தும் அதை நீக்கிவிட்டால் இரண்டாம் தொட்டி ஒன்று உண்டு. அது தள நிர்வாகியின் கண்ணுக்குப் படும். ஆனால் 93 என்னும் கணக்கு முதன்முதலில் அழித்த நாளிலிருந்தே ஓடுகிறது. இரண்டாம் தொட்டிக்குப் போனதும் புதிதாகத் தொடங்குவதில்லை. அதே நிறுவனத்தின் ஒன்டிரைவ் தனிநபர் கணக்கில் 30 நாட்கள்தாம்.

மூன்றாவது, நிர்வாகி. முப்பது நாள் கடந்துவிட்டபடியால், இனி அவள் கையில் ஒன்றுமில்லை. நிர்வாகியால் மட்டுமே முடியும். அந்நிறுவனத்தில் நிர்வாகியின் கடவுச்சொல் செயலாளரிடம் இருந்தது. எந்த மனிதரிடம் உண்மையைச் சொல்ல அஞ்சினாளோ, அந்த மனிதரிடம் சொன்னால் அன்றி மீட்க வழியில்லை!

நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஏப்ரல் 13இல் அழித்தது மே 13இல் தொட்டியை விட்டு நீங்கியிருக்கும். அதிலிருந்து 25 நாள் என்றால் ஜூன் 7 வரை. இன்னும் 21 நாட்கள் இருந்தன. "பாய், கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று நீங்கள் சொன்னால், அவர்கள் பழுது பார்ப்பவரைத் தேடிப் போவார்கள். அந்த அலைச்சலில் இந்த 21 நாளும் போய்விடும். பொய் உங்கள் மகளின் வேலையை ஒருவேளை காப்பாற்றலாம். பிள்ளைகளின் காகிதத்தைக் காப்பாற்றாது. அவை அவளிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா?" என்றேன். அவர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு மகளைப் பார்த்து, "காலையில் நானும் கூட வருகிறேன், சொல்லிவிடலாம்" என்றார்.

மறுநாள் அவள் சொன்னாள். செயலாளர் கடுமையாகச் சினந்தார். "முதல் நாளே சொல்லியிருந்தால் ஐந்து நிமிட வேலை" என்று அவர் கூறியது மிகவும் உண்மை. பின்பு நிர்வாகியின் பக்கத்தைத் திறந்து, பொது டிரைவைத் தேர்ந்து, தேதி வரம்பைக் கொடுத்து, மீட்கும் கட்டளையை இட்டார். மாலைக்குள் கோப்புறை பழைய இடத்திற்கு வந்து சேர்ந்தது. அவளை வேலையிலிருந்து நீக்கவில்லை. ஆனால் அன்றே ஒரு மாற்றம் செய்தார்: பணியாளர்கள் கோப்புகளைச் சேர்க்கலாம், திருத்தலாம், அழிக்க மட்டும் இயலாது என்று அவர்களுடைய அனுமதியைக் குறைத்துவிட்டார். இதை முன்னரே செய்திருக்க வேண்டியது அவருடைய கடமை என்பதையும் நாம் சொல்லத்தான் வேண்டும்.

எல்லாம் திரும்பி வந்துவிட்டதா? இல்லை. இரண்டு மலைக் கிராமங்களைச் சேர்ந்த பதினொரு குடும்பங்களின் ஸ்கேன்களை அவள் இன்னும் டிரைவில் ஏற்றவில்லை. அவை அவளது மடிக்கணினியின் முகப்பில் மட்டுமே இருந்தன. அன்றைய அவசரத்தில் அவற்றையும் சேர்த்து அழித்திருந்தாள். கணினியின் உள்ளே அழித்த கோப்பு உடனே மறைவதில்லை. அதன் இடம் காலி என்று குறித்துக்கொள்ளப்படும், வேறொன்று அதன்மேல் எழுதப்படும் வரை மீட்க வாய்ப்புண்டு. ஆகவே அழித்தது தெரிந்தவுடன் கணினியை மேற்கொண்டு பயன்படுத்தாமல் நிறுத்திவிட வேண்டும். இவளோ ஒரு மாதத்திற்கும் மேலாக அதிலேயே வேலை செய்திருந்தாள். தவிரவும், இக்காலத்துக் கணினிகளில் உள்ள எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகம் அழித்த இடத்தைத் தானாகவே துடைத்துவிடும் இயல்புடையது. அந்தப் பதினொன்றும் போனது போனதுதான்.

ஆகவே அவளும் தந்தையும் மலையேறினார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறும் சாலையில் கரியாலூர், வெள்ளிமலை வரை பேருந்துப் பயணம். அதற்கப்பால் நடை. மலை மக்களின் வரலாற்றைச் சற்றே அறிந்தவர்களுக்கு அங்கே ஒரு சான்றிதழின் மதிப்பு என்னவென்று தெரியும். நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த அம்மலை 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்திற்குள் வந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26இல். பல தலைமுறைகள் எழுத்தில் இல்லாமலே வாழ்ந்த குடும்பங்களுக்கு, இப்போது ஒரு பிள்ளை விடுதியில் சேரவும் உதவித்தொகை பெறவும் அந்தக் காகிதமே வாயாகப் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு வீட்டில் முதிய பெண்மணி ஒருவர் தகரப் பெட்டியைத் திறந்து, பாலிதீன் உறையில் சுற்றி வைத்திருந்த காகிதங்களை எடுத்துக் கொடுத்தாராம். "போன தடவை கொடுத்தது என்ன ஆச்சு, பாப்பா?" என்று கேட்டாராம். "என் தவறால் அழிந்துவிட்டது, பாட்டி" என்று இவள் சொன்னாளாம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. காகிதத்தை இவளிடம் கொடுக்காமல், தாமே கையில் பிடித்துக்கொண்டு, "இப்படியே படம் எடுத்துக்கொள்" என்றாராம். அந்தச் சொல் தன்னை அடித்ததைவிட வலித்தது என்று என்னிடம் கூறினாள். பதினொன்றில் பத்துக் குடும்பங்களின் சான்றுகள் மீண்டும் கிடைத்தன. ஒரு குடும்பம் கேரளத் தோட்ட வேலைக்குப் போயிருந்தது. அந்த ஒரு பிள்ளையின் விண்ணப்பம் காலம் கடந்தே போய்ச் சேர்ந்தது.

நேயர்களே! இது ஓர் ஏழைப் பெண்ணின் கவனக்குறைவு என்று எண்ணி விட்டுவிட வேண்டாம். அரசாங்கங்களே இதில் இடறி விழுந்திருக்கின்றன.

நம் அண்டை நாடான இலங்கையில் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அரசின் மின்னஞ்சல் அமைப்பு ஒரு நச்சு நிரலால் தாக்கப்பட்டது. சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் ஒன்று. அமைப்பை மீண்டும் இயக்க முடிந்தது. ஆனால் மே 17 முதல் ஆகஸ்டு 26 வரையிலான கடிதங்கள் திரும்பி வரவில்லை. காரணம், அக்காலத்திற்குத் தனியே எடுத்து வைக்கப்பட்ட நகல் இல்லை. இணைப்பில் இருந்த நகலும் தாக்குதலில் சேர்ந்தே கெட்டுவிட்டது.

தென்கொரியாவில் நிகழ்ந்தது இதனினும் பெரிது. 2025 செப்டம்பர் 26 இரவு, தேஜான் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் மின்கலங்களிலிருந்து தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் தங்கள் அலுவலகக் கோப்புகளைச் சேமித்துப் பகிர்ந்துகொள்வதற்கென்று வைத்திருந்த ஜி-டிரைவ் என்னும் தளம் முற்றிலும் எரிந்தது. பெயர் ஒத்திருந்தாலும் இது கூகுளுடையது அன்று, அந்நாட்டு அரசினுடையது. அதிலிருந்த 858 டெராபைட் தகவல்களுக்கு வெளியே வேறு நகல் இல்லை. அளவு மிகப் பெரிது என்பதால் நகல் வைக்கவில்லை என்றார்கள். எல்லாக் கோப்புகளையும் அத்தளத்திலேயே வைக்க வேண்டும் என்று விதித்திருந்த பணியாளர் மேலாண்மை அமைச்சகமே அதிகம் இழந்தது.

இதில் வியப்பு என்னவென்றால், அதே கொரிய நாட்டினர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தப் பாடத்தைக் கற்றவர்கள். ஜோசான் அரச மரபின் வரலாற்றுக் குறிப்புகளை நான்கு பிரதிகள் எடுத்து நான்கு ஊர்களில் வைத்திருந்தார்கள். 1592இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது மூன்று பிரதிகள் எரிந்தன. ஜான்ஜூ நகரிலிருந்த நான்காவது பிரதியை அவ்வூரார் மலைக்குத் தூக்கிச் சென்று மறைத்துக் காத்தார்கள். இன்று உலகம் அவ்வரலாற்றின் தொடக்க நூற்றாண்டுகளை அறிவது அந்த ஒரு பிரதியால்தான்.

நம் மாவட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2022 ஜூலை 17 அன்று சின்னசேலம் அருகே கனியாமூரில் ஒரு தனியார் பள்ளியில் நிகழ்ந்த வன்முறையை நாம் மறக்கவில்லை. அந்தத் தீயில் மாணவர்களின் சான்றிதழ்களும் எரிந்தன. பெற்றோர் பதறினார்கள். ஆயினும் அவற்றிற்கு மாற்றுச் சான்றிதழ் வழங்க முடிந்தது. எவ்வாறு? ஜாதிச் சான்றிதழின் மூலப் பதிவு வருவாய்த் துறையிடமும், பொதுத்தேர்வு மதிப்பெண்ணின் மூலப் பதிவு தேர்வுத் துறையிடமும் இருந்தன. எரிந்தது நகல், வேர் வேறிடத்தில் இருந்தது.

எனவே, அலுவலகங்களிலும் ஜமாஅத்திலும் மதரஸாவிலும் கோப்புகளைப் பகிர்ந்து பயன்படுத்தும் சகோதர சகோதரிகளே, சில செய்திகளை மனத்தில் இருத்துங்கள்.

பகிர்வது வேறு, நகல் எடுத்து வைப்பது வேறு. ஒரு கணினியில் அழித்தால் எல்லாக் கணினியிலும் அழியும் ஏற்பாட்டைக் காப்பு என்று நம்பி இராதீர்கள். மாதம் ஒருமுறையேனும் தனியான ஒரு வன்தட்டில் நகல் எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி, வேறு கட்டடத்தில் வையுங்கள். எடுத்த நகல் திறக்கிறதா என்று அவ்வப்போது திறந்தும் பாருங்கள்.

அழித்தது தெரிந்தவுடன் நாளையும் நேரத்தையும் ஒரு தாளில் குறியுங்கள். கோப்பின் பெயர், இருந்த இடம், அழித்தவரின் கணக்கு ஆகியவற்றையும் எழுதுங்கள். நிர்வாகி முதலில் கேட்பது இவற்றைத்தான்.

அழிக்காமல் தவறாகத் திருத்திவிட்டால் கலங்க வேண்டாம். கூகுள் டிரைவிலும் ஷேர்பாயிண்டிலும் முந்தைய வடிவங்களைக் காட்டும் வசதி உண்டு. அதன் வழியே பழைய வடிவத்திற்குத் திரும்பலாம்.

சக ஊழியரின் மடிக்கணினி ஒன்று சில நாட்களாக இணையத்தில் இணைக்கப்படாமல் இருந்தால், அதை இணைப்பின்றியே திறந்து பாருங்கள். அழித்த செய்தி அதற்கு எட்டியிராது. பழைய நகல் அதில் உயிரோடு இருக்கலாம். மலையில் வேலை செய்வோரின் கைப்பேசிகளையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் தேடுங்கள்.

பணியாளர் ஒருவர் விலகும்போது அவருடைய கணக்கை உடனே நீக்கிவிடாதீர்கள். அவர் பெயரிலுள்ள கோப்புகளை வேறொருவருக்கு மாற்றிய பின்பே நீக்குங்கள். கூகுள் அலுவலகக் கணக்கில் நீக்கிய பயனரை மீட்க 20 நாட்களே அவகாசம்.

மீட்டுத் தருகிறேன் என்று கூறி உங்கள் கடவுச்சொல்லையோ கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையோ கேட்பவரிடம் விலகி இருங்கள். இணையத் தளத்தில் அழிந்ததைக் கடையில் விற்கும் மென்பொருளால் மீட்க இயலாது. அந்தத் தளத்தின் நிர்வாகியால்தான் இயலும்.

பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கீழே பணிபுரியும் பிள்ளைகள் தவறு செய்த அன்றே உங்களிடம் ஓடி வந்து சொல்லக்கூடியவர்களாக இருக்கிறார்களா? அல்லது உங்கள் முகத்திற்கு அஞ்சி மாதக் கணக்கில் மறைக்கிறார்களா? 30 நாள், 93 நாள் என்று இயந்திரம் அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்தைத் தின்றுவிடுவது பெரும்பாலும் அச்சமே. அந்தப் பெண் முப்பத்து நான்கு இரவுகள் உறங்காமல் கழித்ததில் அவளுக்கு மட்டும் அன்றி, அவளை அஞ்சச் செய்த சூழலுக்கும் பங்குண்டு.

எங்கள் மதரஸாவில் பிள்ளைகள் சிலேட்டில் எழுதி அழிக்கிறார்கள். அழிந்தாலும் பாடம் போவதில்லை. எழுதியவன் நெஞ்சில் இருக்கிறது, சொல்லிக் கொடுத்தவன் நெஞ்சிலும் இருக்கிறது. மலைப் பிள்ளையின் சான்றிதழுக்கு அந்த நெஞ்சு இல்லை. நாம்தாம் அதற்கு இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் அமைத்துத் தர வேண்டும்.

அந்தப் பெண் இன்றும் அதே நிறுவனத்தில் பணிபுரிகிறாள். மாதத்தின் கடைசி வேலை நாளில் நகல் எடுக்கும் பொறுப்பு இப்போது அவளுடையது. நகல் எடுத்த வன்தட்டைத் தகரப் பெட்டி ஒன்றில் வைத்துப் பூட்டி, சாவியைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறாளாம்.